பழனிமுத்து எழுதாத கடிதங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு கையும் களவுமாகப் பிடிபட்டு முழிப்பதைவிட அது மேல். இந்தக் கதை நான் யோசித்தது அல்ல. பக்கத்து நாற்காலிக்காரரின் கணினித் திரையை எட்டிப் பார்த்துத் திருடியது.

1998இல் மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்புதான் கடை நடத்திய பிரதிபா இரண்டு கணினிகள் வாங்கிப் போட்டு, வாசலில் இன்டர்நெட், ஈமெயில் என்று பலகை மாட்டியிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அது தோள் உயரம்கூட இல்லை. நான் வேலை தேடி ஊர் ஊராக விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருந்த காலம். கணினியில் ஒரு பக்கம் திறக்க ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷமும் ஒரு மனிதன் வேறு எங்கேதான் பார்ப்பான்?

பக்கத்தில் ஐம்பதை நெருங்கும் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பழைய டைப்ரைட்டரைக் குத்துவதுபோல் ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஸ்வல்ப மெதுவா அடிங்கோ. கீபோர்டு ஹோய்த்துன்னா இன்னொண்ணு வாங்க என்னால ஆகாது" என்று கன்னடம் கலந்து சொன்னாள் பிரதிபா.

"சரிம்மா" என்றார் அவர். அதே வேகத்தில் அடித்தார்.

அவர் திரையில் ஓர் இங்கிலீஷ் கடிதம். காவிரியில் பரிசலில் போய்த் தூண்டில் போட்டுப் பெரிய மீன் பிடிக்க வாருங்கள் என்று அழைக்கிற விளம்பரக் கடிதம். எந்தெந்தத் தேதி, எத்தனை கூடாரம், மைசூரிலிருந்து ஜீப் உண்டா என்பதெல்லாம் ஒழுங்காக இருந்தது. கடைசிப் பத்தி மட்டும் இப்படி: "நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள்? வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துவிடாதீர்கள். நானும் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். ஆனாலும் ஒரு ரசமாவது வைத்துக்கொள்கிறேன்."

கீழே பெயர்: பழனிமுத்து, பரிசல் உரிமையாளர், கௌதள்ளி.

அந்த வரியை ஒரு கணம் எனக்கே எழுதியதாக நினைத்துக்கொண்டேன். அன்று காலையிலிருந்து நான் பேசியது பஸ் கண்டக்டரிடம் மட்டும்தான்.

2

இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்களில் இரண்டை இங்கே விட்டுவைக்கிறேன். வெட்டிக் குப்பையில் போட மனசு வரவில்லை.

(அ) காவிரி அன்று மஞ்சள் வெயிலில்...

[வேண்டாம். எனக்கு அப்போது காவிரியைத் தெரியாது. நம் கதாநாயகருக்கும் தெரியாது. ஆற்றுக்குப் போகாமலே ஆற்றைப் பற்றி எழுதியவரின் கதை இது. எடுத்த எடுப்பிலேயே ஆற்றைக் காட்டினால் அவருக்குச் செய்யும் துரோகம்.]

(ஆ) மின்னஞ்சல் வழியாக ஆள் சேர்க்கும் வியாபாரத்துக்கு இன்று பாடப் புத்தகமே இருக்கிறது. தலைப்பு வரி எத்தனை சொல், எந்தக் கிழமை அனுப்பினால் திறந்து பார்ப்பார்கள், வாடிக்கையாளரைப் பேர் சொல்லி எப்படி...

[கட்டுரைக்குப் போகட்டும். ஆனால் ஒன்று. முன்பின் தெரியாத கம்பெனி இன்று என்னைப் பேர் சொல்லி அழைத்து நலமா என்று கேட்கிறதே, அதை எழுதியது யாரும் இல்லை என்று நமக்குத் தெரியும். 1998இல் அக்ரஹாரத்தில் அதை எழுதியது ஓர் ஆள். அவர் நிஜமாகவே பதிலை எதிர்பார்த்தார்.]

3

அவர் பெயர் பார்த்தசாரதி. எல்லோருக்கும் பாச்சு. அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து மைசூர் வந்தவர். பாச்சுவுக்கும் அதே ரயில்வேயில் ஸ்டெனோ வேலை. அதிகாரி சொல்வார், இவர் சுருக்கெழுத்தில் பிடித்து, தட்டச்சு செய்து கொண்டுபோய் வைப்பார், அதிகாரி கையெழுத்துப் போடுவார். இருபத்தேழு வருஷம். ஆயிரக்கணக்கான கடிதங்கள். ஒன்றில்கூட அவர் பெயர் கிடையாது. கடிதத்தின் இடதுபக்க மூலையில் அதிகாரி பெயரின் முதலெழுத்துகள், ஒரு சாய்கோடு, அதற்கப்பால் தட்டச்சு செய்தவர் பெயரின் முதலெழுத்து. அவ்வளவுதான் பாச்சு.

கல்யாணம் நடக்கவில்லை. ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்து எழுதினால் அதுவே கதையாகிவிடும், நீங்களும் மற்றதை மறந்துவிடுவீர்கள். ஆபீஸ் ஐந்தரைக்கு முடியும். ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனால் தூங்கும்வரை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதனால் பிரதிபா கடைக்கு வந்து, வருகிறவர்களுக்கு மனுவும் விண்ணப்பமும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கணினி வந்ததும் கணினிக்கு மாறினார்.

(நல்ல மனிதர், ஊரில் நாலு பேரைத் தெரியும், ஆபீஸில் மதிப்பு. அப்படிப்பட்டவர் எப்படித் தனியாள் ஆவார் என்று என் நண்பன் கேட்டான். அவனுக்கு இது புரியாது. காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்று யோசித்து, யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடுகிறவர் தனியாள். அவனுக்குப் பெரிய குடும்பம்.)

பழனிமுத்து அந்தக் கடைக்கு வந்தது தற்செயல். மண்டி மொஹல்லா கடைவீதியில் நைலான் கயிறும் தார்ப்பாயும் வாங்க, கொள்ளேகாலுக்கு அப்பாலிருந்து வந்த கௌதள்ளிக்காரர். ஊரில் வெள்ளாமை. அதோடு காவிரியில் மூன்று பரிசலும் கரையில் நாலு கூடாரமும் வைத்து, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை மீன்பிடிக்க அழைத்துப் போகிற தொழில். பிடித்த மீனை எடை பார்த்து, படம் எடுத்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். கரையோரக் காட்டின் பெயர் சந்தனக் கடத்தலுக்காகப் பேப்பரில் அடிபட அடிபட, வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கையில் ஒரு நோட்டு. வந்துபோனவர்கள் அதில் ஈமெயில் முகவரி எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

"ஏனுங்க, இந்த அட்ரசுக்கெல்லாம் கடுதாசி போடோணும். ஆனா இதுல ஊரும் இல்ல, தெருவும் இல்லீங்களே" என்றார்.

பிரதிபா பாச்சுவைக் கை காட்டினாள்.

பழனிமுத்துவுக்கு இங்கிலீஷில் லெஃப்ட், ரைட், ஸ்லோ, குட் ஃபிஷ் சார் தெரியும். பரிசலுக்கு அது போதும். கடிதத்துக்குப் போதாது. அதனால் பாச்சு முதல் கடிதத்திலேயே சாமர்த்தியமாக ஒரு வரி சேர்த்தார்: "எனக்குப் பேச வராது, அகராதியை வைத்துக்கொண்டு எழுதுவேன்." வெள்ளைக்காரர்கள் நம்பினார்கள். முதலாளியின் பெயரில் எழுதுவதில் பாச்சுவுக்கு எந்த உறுத்தலும் இல்லை. அவர் வாழ்க்கையே அதுதான்.

4

வாரத்துக்கு மூன்று நாள் எழுதினார். மீனைப் பற்றி எழுதுவதற்குப் பழனிமுத்துவிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொள்வார். சுத்த சைவமான மனிதர், அறுபது ராத்தல் கெண்டை தூண்டிலை இழுத்துக்கொண்டு பாறை இடுக்கில் ஓடுவதை, படிக்கிறவன் கை வலிக்கிற மாதிரி எழுதுவார். மீனுக்கு இரை வேகவைத்த ராகி உருண்டை என்று தெரிந்ததும் அவருக்குப் பரம திருப்தி. மீனும் சைவம் என்று பிரதிபாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாராம்.

டெரிக் என்று ஒருவர். இங்கிலாந்தின் வடக்கே ஏதோ சின்ன ஊர். இரண்டு முறை மனைவியோடு வந்தவர். அவர் தூண்டில் போடுவார், மனைவி ஜோன் கரையில் உட்கார்ந்து கம்பளி பின்னுவாள். 1997 கடைசியில் அவரிடமிருந்து ஒரு வரி வந்தது: ஜோன் இறந்துவிட்டாள், இந்த வருஷம் வருவதற்கில்லை.

வியாபாரி என்ன எழுதியிருக்க வேண்டும்? வருந்துகிறோம், அடுத்த வருஷம் எதிர்பார்க்கிறோம். பாச்சு அப்படி எழுதவில்லை. நம் பக்கத்தில் துக்கம் கேட்கிறவர்கள் எதைக் கேட்பார்களோ அதைக் கேட்டார். என்றைக்கு நடந்தது, கடைசியில் பேசினாளா, கூட யார் இருக்கிறார்கள், சாப்பிட்டீர்களா.

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. எல்லோரும் பூங்கொத்து அனுப்பினார்கள், சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தார் டெரிக். அன்று மத்தியானம் என்ன சாப்பிட்டார் என்று கீழே பட்டியல். பட்டியலில் ஒரே ஒரு முட்டை.

அப்படி ஆரம்பித்தது. வாரம் ஒன்று, பிறகு இரண்டு. டெரிக் சூப் வைக்கக் கற்றுக்கொண்டார். பாச்சு ரசம் வைக்கிற பக்குவத்தை எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எவ்வளவு நீளம் என்று இருவரும் எழுதிக்கொண்டார்கள். எல்லாவற்றுக்கும் கீழே பழனிமுத்து என்ற பெயர். பழனிமுத்துவுக்கோ மனைவி, நாலு பிள்ளைகள், தம்பி குடும்பம், எந்நேரமும் கலகலவென்று வீடு. 'நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்' என்பது அவர் வாழ்க்கையில் ஒரு வேளைகூட உண்மையாக இருந்ததில்லை.

பாச்சுவுக்கு இது தெரியாமல் இல்லை. எழுதும்போது நிறுத்த முடியவில்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆள் அவரை, அவரைத்தான், ராத்திரி என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் வேறொருவர் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

5

[இங்கே பிரதிபாவைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் பிரதியில் அவளுக்குப் பாச்சு மேல் ஒரு மெல்லிய பிரியம் என்று எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. அவளுக்கு முப்பது வயசு, கணவன் உண்டு, பாங்குக் கடன் உண்டு, மதியம் தூங்க நேரம் கிடையாது. எழுத்தாளனுக்கு ஒரு தனி ஆள் கிடைத்தால் உடனே பக்கத்தில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தக் கை பரபரக்கிறது. வெட்டிவிட்டேன். எனக்குத் தெரிந்ததில் பாதி அவள் சொன்னது, மீதி நான் எட்டிப் பார்த்தது. இரண்டிலும் சேராதது எது என்று வரும்போது சொல்லிவிடுகிறேன்.]

6

இப்போது அந்தத் தப்பு.

1998 செப்டம்பர். சீசன் தொடங்க மூன்று மாதம். நோட்டில் இருந்த நாற்பத்தொரு பேருக்கும் கடிதம் போக வேண்டும். டெலிபோன் லைனோ பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அறுந்தது. இரண்டு சாயங்காலம் போராடி ஆறு பேருக்குத்தான் அனுப்ப முடிந்தது.

மூன்றாம் நாள் பாச்சுவுக்கு ஒரு யோசனை தோன்றியது. எந்த நல்ல குடும்பத்து மனுஷனுக்கும் தோன்றக்கூடியது. ஊரில் பெரியப்பா வீட்டுக்கு நாம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகவா கடிதம் போடுவோம்? ஒரே இன்லண்ட் லெட்டர். நடுவில் விஷயம். அப்புறம் பெரியம்மாவுக்கு, முட்டிவலி எப்படி இருக்கிறது. சேகருக்கு, அரியர்ஸ் எழுதினாயா. கோமதிக்கு, மாப்பிள்ளை கோபம் தணிந்ததா. ஓரத்தில், மடிப்பில், ஒட்டும் இடம்வரை ஆளுக்கு ஒரு வரி. ஒருவர் உரக்கப் படிப்பார், வீடே கேட்கும். தன் பெயர் வரவில்லை என்றால்தான் வருத்தம்.

பாச்சு ஒரே கடிதம் எழுதினார். மேலே தேதிகளும் பரிசல்களும். கீழே நாற்பத்தொரு வரிகள். இரண்டு வருஷமாக ஒவ்வொருவரும் தனக்குத் தனியாக எழுதியதையெல்லாம் ஞாபகம் வைத்து, கண்ணும் கருத்துமாக விசாரித்திருந்தார். கிளாஸுக்கு: வீட்டு விஷயமாக உங்கள் அண்ணன் உங்களோடு பேசுகிறாரா? கெவினுக்கு: குடியை நிறுத்த டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்கிறதா? பெங்களூர் மிஸ்டர் ராவுக்கு: உங்கள் மனைவி அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்துவிட்டார்கள் என்று நம்புகிறேன். டெரிக்குக்கு: பூசணி சூப் என்ன ஆயிற்று?

நாற்பத்தொரு முகவரிகளையும் வரிசையாக ஒரே கட்டத்தில் போட்டு அனுப்பினார். லைன் அறுந்துபோகவில்லை. சாமி புண்ணியம் என்றார்.

மறுநாள் சாயங்காலம் நானும் அங்கே இருந்தேன். முதல் பதில் முழுக்கப் பெரிய எழுத்துகளில் வந்திருந்தது.

"ஏம்மா, இவன் ஏன் எல்லாத்தையும் பெரிய எழுத்துல போட்டிருக்கான்? கண்ணு சரியில்லையோ?"

பிரதிபா குனிந்து படித்தாள். "மாமா, அப்படிப் போட்டா கத்தறான்னு அர்த்தம்."

"எதுக்குக் கத்தறான்? நான் சௌக்யமான்னுதானே கேட்டேன்?"

"நாப்பது பேருக்கு முன்னாடி கேட்டிருக்கேளே மாமா."

அவர் புரியாமல் அவளையே பார்த்தார். "பின்ன? எல்லாரும் அங்க வந்து போனவாதானே. ஒரே ஆத்துத் தண்ணியக் குடிச்சவா."

அடுத்தடுத்து வந்தன. தன் அண்ணன் விவகாரம் மற்றவர்களுக்கு எதற்கு என்று கிளாஸ். வக்கீலைப் பார்க்கப்போவதாக ராவ். ஒருவர் விவரமானவர். பரிசலில் ஐந்து வார்த்தை பேசாத ஆள் எப்படி இவ்வளவு எழுதுகிறான், இடது மூலையில் சாய்கோட்டுக்கு அப்பால் ஓர் எழுத்து இருக்கிறதே, அது யார், எங்கள் கடிதங்களைப் படிக்கிற அந்த மூன்றாவது ஆள் யார் என்று எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டிருந்தார். பழக்கதோஷம். ஆபீஸில் போடுகிற மாதிரி ஒவ்வொரு மின்னஞ்சலிலும் பாச்சு அதைப் போட்டுக்கொண்டே வந்திருந்தார்.

பாச்சு கீபோர்டை அருகே இழுத்துக்கொண்டார். மெதுவாக, சத்தமே இல்லாமல் அடித்தார்: "அந்த எழுத்து என் பரிசலின் அடையாளம். என் கடிதங்கள் எல்லாவற்றையும் நானேதான் எழுதுகிறேன். வேறு யாரும் இல்லை. பழனிமுத்து." நாற்பத்தொரு பேருக்கும் அனுப்பினார். டெரிக்கும் அதில் ஒருவர்.

வேறு யாரும் இல்லை. அதைத் தன் கையாலேயே எழுதினார்.

7

பதினோரு பேர் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தொழிலில் பதினோரு பேர் என்பது ஏறக்குறைய ஒரு மாத வருமானம். பழனிமுத்து பஸ் பிடித்து வந்தார். சத்தம் போடுவார் என்று பாச்சு எதிர்பார்த்தார். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, பிரதிபா மொழிபெயர்த்துச் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"நல்லாருக்கியான்னு கேட்டதுக்கா இத்தனை கோவம்?"

"என் தப்புதான்" என்றார் பாச்சு.

"உங்களை என்னங்க சொல்றது. நீங்க நல்ல மனசுலதான் எழுதுனீங்க." ஸ்டூலைப் பாச்சுவின் பக்கம் நகர்த்திக்கொண்டார். "ஆனா சார், இனிமேப்பட்டு தேதியும் ரேட்டும் மட்டும் எழுதுங்க. மத்ததெல்லாம் வேண்டாமுங்க. நாலு குடும்பம் இதை நம்பியிருக்குது."

பழனிமுத்து சொன்னதில் ஒரு குற்றமும் இல்லை. பாச்சு தலையாட்டினார். அன்றிலிருந்து தேதியும் ரேட்டும் மட்டும் போயின. டெரிக்குக்கும் அப்படியே. ஒப்புக்கொண்டால் ஒப்புக்கொண்டதுதான், ஸ்டெனோ புத்தி.

அடுத்த இரண்டு மாதமும் அவர் சீக்கிரமே எழுந்து போய்விடுவார். ஆறரை மணிக்கு அந்தத் தெருவில் அவர் நடந்து போவதைப் பார்த்திருக்கிறேன். வீடு எட்டு நிமிஷ நடை. அதற்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார். நான் கூடப் போய் ஒரு காபி சாப்பிடலாமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்ன சொல்வேன், உங்கள் கடிதங்களையெல்லாம் எட்டிப் பார்த்துப் படித்தவன் என்றா?

8

டிசம்பரில் டெரிக்கிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை நான் இரண்டு முறை படித்தேன். பாச்சு ஆறு முறை படித்தார், எண்ணினேன்.

"அன்புள்ள பழனிமுத்து, நீங்கள் பாங்கு மாதிரி எழுத ஆரம்பித்துவிட்டீர்கள். உடம்பு சரியில்லையா? என்னவென்று சொல்லவும் மாட்டேன் என்கிறீர்கள். ஜனவரி பதினெட்டாம் தேதி வருகிறேன். தூண்டில் முக்கியமில்லை. ஒருமுறை உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். உங்களுக்குப் பேச வராது என்று தெரியும். இங்கிலீஷ் தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்."

இதற்குப் பாச்சு எழுதத் தொடங்கி விட்டுவிட்ட வரிகள், நான் பார்த்தவரை:

அன்புள்ள டெரிக், உங்களிடம் ஒன்றை

அன்புள்ள டெரிக், பழனிமுத்து என்பவர் மிக நல்லவர், ஆனால் அவர்

அன்புள்ள டெரிக், நான் மைசூரில் ரயில்வேயில்

அன்புள்ள டெரிக், வேறு யாரும் இல்லை என்று எழுதியிருந்தேன், அது

எல்லாவற்றையும் எழுத்து எழுத்தாக அழித்தார். உண்மையைச் சொன்னால் பழனிமுத்து பொய்யர் ஆவார், விஷயம் வெளியே பரவினால் மீதியிருக்கிற முப்பது பேரும் போவார்கள். சொல்லாவிட்டால் டெரிக் இத்தனை தூரம் வந்து, தன் சிநேகிதனைத் தேடி வேறொருவரைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போவார். பாச்சு ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கடிதங்களை எழுதியது நான் என்று ஒரே ஒருவருக்குத் தெரிய வேண்டும். அந்த ஒருவருக்கு.

கடைசியில் போன பதில்: "வாருங்கள். ஜீப் ஏற்பாடு செய்யப்படும்."

இங்கிலீஷ் தெரிந்த ஆள் வேண்டும் என்றதும் பழனிமுத்துவுக்கு வேறு யார் ஞாபகம் வருவார்கள்? "நீங்களே வந்துருங்க சார். ரெண்டு நாள் ஆத்தோரமா இருந்தாப்புலயும் ஆச்சு" என்றார்.

பாச்சு மூன்று நாள் லீவு போட்டார், புதுச் சட்டை ஒன்று வாங்கினார், பதினேழாம் தேதி கொள்ளேகால் பஸ் ஏறினார். இது பிரதிபா சொன்னது. இருபதாம் தேதி எனக்குப் புனேயில் வேலை கிடைத்த தகவல் வந்தது. அன்றே புறப்பட்டுவிட்டேன். இதற்கு மேல் வருவது எதையும் நான் பார்க்கவில்லை.

9

இனி எல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் ஒரு முடிவு எழுதினேன். டெரிக் ஆளைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுகிறார். பழனிமுத்துவைத் தாண்டி நேராகப் பாச்சுவிடம் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறார். எழுதும்போது எனக்கு அழுகை வந்தது. மறுநாள் காலையில் படித்தால் கோபம் வந்தது. பார்வையிலேயே கண்டுபிடிக்கப்படுகிற ஆளாக இருந்திருந்தால் பாச்சுவுக்கு இந்தக் கதையே தேவைப்பட்டிருக்காது.

இரண்டாவதில் டெரிக் வரவில்லை, உடம்பு சரியில்லை. அது கோழைத்தனம். என்னுடையது.

மூன்றாவதிலிருந்துதான் என்னால் வெளியே வர முடியவில்லை. அது இப்படி.

கௌதள்ளியிலிருந்து ஒரு மணி நேர ஜீப் தூரத்தில் ஆறு. இரண்டு நாளும் டெரிக் பழனிமுத்துவின் பரிசலில் போனார். மூன்றாவது ஆளுக்கு இடமில்லை, தூண்டிலை வீசத் தோது வேண்டும். பாச்சு கரையில் உட்கார்ந்திருந்தார். நடு ஆற்றில் இருவரும் பேசாமல், பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். டெரிக் அவ்வப்போது பழனிமுத்துவைப் பார்த்துச் சிரித்தார். ஒருமுறை அவர் தோளில் கை வைத்தார். பாச்சு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பொறாமையாக இருந்தது. ஐம்பது வயசில் பொறாமை என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பழனிமுத்து வீட்டில் சாப்பாடு. கூடத்தில் தரையில் உட்கார்ந்தார்கள். டெரிக், எதிரே பழனிமுத்து, நடுவில் பாச்சு. சுற்றிப் பிள்ளைகள். பழனிமுத்துவின் மனைவி சித்தம்மா ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் வைத்தார். டெரிக் அந்த வீட்டையும் பிள்ளைகளையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு பழனிமுத்துவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். வாக்கியம் வாக்கியமாக நிறுத்தினார். பாச்சு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். இருபத்தேழு வருஷத்தில் சொன்னதை மாற்றி எழுதியவர் அல்ல. இப்போதும் மாற்றவில்லை.

"ஜோன் போன அந்தக் குளிர்காலத்துல உங்க கடுதாசி வரலேன்னா நான் இருந்திருக்க மாட்டேன்கறார்."

பழனிமுத்து பணிவாகத் தலையாட்டினார்.

"சாப்பிட்டியான்னு கேட்ட ஒரே மனுஷன் நீங்கதான்கறார்."

பழனிமுத்து மறுபடி தலையாட்டினார்.

டெரிக் அடுத்த வாக்கியத்தைச் சொன்னார். பாச்சு டம்ளரை எடுத்தார். தண்ணீர் குடித்தார். பிறகு இலையைப் பார்த்தபடி சொன்னார்.

"தினம் ராத்திரி தனியா உக்காந்து சாப்பிடறவனுக்குத்தான் அதைக் கேக்கத் தோணும்கறார். இத்தனை பேர் இருக்கற வீட்டுலயும் நீங்க எப்படித் தனியா இருக்கேள்னு தனக்குப் புரியலேங்கறார். ஆனா நீங்க எழுதினது அத்தனையும் நிஜம்னு தெரியும்கறார்."

பழனிமுத்து சிரித்துவிட்டார். "நானுங்களா? நான் எங்கீங்க தனியா உண்டேன்? இந்தூட்ல ஒரு நாளாச்சும் என்னையத் தனியா உண்ண உட்டிருக்கீங்களா?"

பிள்ளைகளும் சிரித்தன. சிரித்துக்கொண்டே பாச்சுவின் முகத்தைப் பார்த்தார் பழனிமுத்து. சிரிப்பு நின்றது. கையிலிருந்த களியை இலையில் வைத்தார்.

"சார். அது நீங்களுங்களா?"

பாச்சு இலையிலிருந்த களியைப் பிட்டுப் பிட்டு வைத்தார்.

"அப்ப இந்தச் சாருக்கு ஊட்ல ஆருமில்லீங்களா?" என்று சித்தம்மா மெதுவாகக் கேட்டார். கேட்டுக்கொண்டே ஒரு கரண்டி குழம்பை எடுத்துப் பாச்சுவின் இலையில் ஊற்றினார்.

"ரெண்டு வருசமா பக்கத்துல உக்காந்துருக்கறேன், நானும் கேக்கலியே" என்றார் பழனிமுத்து. "தேதியும் ரேட்டும் எழுதுங்கன்னு சொன்னனே. உங்க கையைக் கட்டிப்புட்டனே. சார், இப்பச் சொல்றேன். இவருகிட்ட நிஜத்தைச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டமுங்க. தொழிலை நெனச்சுட்டு வாயை மூடாதீங்க. எனக்காகன்னு வாயைத் தொறக்கவும் வேண்டாம்."

தமிழ் தெரியாத டெரிக் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் சிநேகிதன் கண் கலங்கி ஏதோ நீளமாகப் பேசியதாக அவர் நினைத்தார். அவர் கண்ணும் கலங்கியது. பாச்சுவின் பக்கம் திரும்பி, இதுவரை ஒரு மின்விசிறியைப் பார்ப்பதுபோல் பார்த்த அந்த நடு ஆளை முதல் தடவையாக நேராகப் பார்த்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

10

இங்கே நிறுத்துகிறேன்.

முடியாததால் அல்ல. பாச்சுவின் வாயில் ஒரு வரியை வைக்க எனக்குத் தெரியும். நல்ல வரியாகவே நாலைந்து கைவசம் இருக்கின்றன. ஆனால் வைத்தால் அது நான் எழுதி அவர் பெயரில் போகிற கடிதம். வாழ்நாள் முழுக்க அந்த வேலையைச் செய்தவருக்கு, இந்த ஒரு தடவையாவது யாரும் எழுதிக் கொடுக்காத பேச்சு கிடைக்க வேண்டும்.

தவிர, எனக்கு அந்த அருகதை இல்லை. நான்கு மாதம் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்ன சமைத்தார், எத்தனை மணிக்குத் தூங்கினார், எந்தக் கிழமை அவருக்குத் தாங்காது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சாப்பிட்டீர்களா என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. புனேக்குக் கிளம்பிய அன்று அவர் நாற்காலி காலியாக இருந்தது. அப்பாடா, சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை என்றுதான் தோன்றியது.

நீங்கள் அப்படி இல்லை என்று நம்புகிறேன். இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். அவரை உங்களுக்குத் தெரியும், டெரிக்கையும் தெரியும், உண்மையைச் சொன்னால் பழனிமுத்து வீட்டுக்கு எது போகும் எது மிஞ்சும் என்பதும் தெரியும். கூடத்தில் யாரும் சாப்பிடவில்லை. பிள்ளைகள்கூடச் சும்மா இருக்கின்றன. டெரிக் பாச்சுவின் முகத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருக்கிறார். பாச்சுவின் இடத்தில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

சொல்லுங்கள்.